உளமருத்துவமும் ஒப்பீட்டுக் குழுவும்

நோய் நீங்கியது என்பது ஒரு செய்தி. இம்மருந்தினால் நீங்கியது என்பது பிறிதொரு செய்தி. முன்னதைக் கண்ணாற் கண்டு கூறலாம்; பின்னதைக் கருத்தால் ஆராய்ந்தன்றிக் கூறலாகாது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை மறந்து பேசுதல் கற்றார் கல்லார் இருவர்க்கும் பொதுவாயிருத்தலை நாம் நாடோறும் காண்கின்றோம். உடல்நோயைப் பற்றியவரை இம்மயக்கம் ஓரளவு குறைந்துவிட்டது. உள்ளத்து நோயைப் பற்றியவரை இன்னும் குறைந்தபாடில்லை. ஆதலின், உளமருத்துவ ஆராய்ச்சியில் ஒப்பீட்டுக் குழு என்பது யாது, அதன் வகைகள் எவை, அவற்றுள் நம் நாட்டிற்குத் தக்கது எது என்பன பற்றி என் கருத்தினை நண்பர்கள் முன் வைக்க விழைகின்றேன். தமிழ் பயிலும் மாணவனுக்கு இப்பொருளில் யாது வேலை என வினவுவார்க்கு விடை இக்கட்டுரையின் உள்ளேயே கிடைக்கும்.

முதற்கண் நாம் அனைவரும் அறிந்த தேர்வச்சத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கல்லூரியில் மார்ச்சு மாதத்தில் ஐம்பது மாணவர் உறக்கமின்றியும், உணவில் விருப்பமின்றியும், நெஞ்சு படபடத்தும் வருந்துகின்றனர் என வைத்துக்கொள்வோம். அறிஞர் ஒருவர் அவர்களை அழைத்து, வாரம் ஒருமுறை அறிவுரை கூறி, மூச்சுப் பயிற்சியும் கற்பிக்கின்றார். மே மாதத்தில் அவர்களை மீண்டும் வினவினால் பெரும்பாலோர் நலமுற்றிருப்பர். அறிவுரையின் வெற்றி என்று அறிக்கையும் எழுதப்படும். ஆனால் ஏப்ரலில் தேர்வு முடிந்துவிட்டதன்றோ? அறிவுரை பெறாத மாணவரும் மே மாதத்தில் நன்றாக உறங்கிக்கொண்டுதானே இருப்பர்? பெற்றாரைப் பெறாதாரோடு அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி, அச்சத்தை நீக்கியது அறிஞரின் சொல்லோ, நாட்காட்டியின் தாளோ என்பதை அறிதற்கு வழியில்லை. இங்ஙனம் ஒப்பிடற்பொருட்டு நிறுத்தப்படும் கூட்டமே ஒப்பீட்டுக் குழுவாகும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. திருவரங்கத்திற்கு மேற்கே, காவிரியின் வடகரையில், சேலம் செல்லும் சாலையில் குணசீலம் என்னும் ஊர் உள்ளது. அங்கே கோயில் கொண்டுள்ள பிரசன்ன வேங்கடாசலபதியின் திருமுன் சித்தங் கலங்கியோரைக் கொணர்ந்து, ஒரு மண்டலமாகிய 48 நாள் தங்கவைத்து வழிபடச் செய்தல் நெடுநாளைய வழக்கம். எம்மனோராகிய கிறித்தவருள் பலர் புளியம்பட்டி அந்தோனியார் திருத்தலத்திற்கு இவ்வாறே செல்வர். இசுலாமியரும் பிறரும் ஏர்வாடித் தர்காவை நாடுவர். சமயம் வேறாயினும் துயர் ஒன்றே. ‘என் மகள் அங்கே சென்று தெளிந்தாள்’ என்னும் தாயின் சொல்லைப் பொய்யென்பார் யாவர்? மகள் தெளிந்தது மெய். எதனால் தெளிந்தாள் என்பதே வினா.

இவ்வினாவை எழுப்பாது விடுவதனால் வரும் கேடும் சிறிதன்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள், ஏர்வாடியில் இயங்கிய தனியார் விடுதி ஒன்றில் தீப்பற்றியபொழுது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்பியோட வகையின்றி 28 பேர் மாண்டனர். அதன் பின்னரே அரசும் நீதிமன்றமும் விழித்தன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்துள்ளது. பயன் யாது என்று அளந்தறியாத ஒன்றை, பயனுண்டு என்னும் நம்பிக்கை ஒன்றாலேயே ஆண்டுக்கணக்கில் நடத்திவந்தால், அதன் மறைவில் எத்தகைய கொடுமையும் தங்கிவிடும் என்பதற்கு இது சான்று.

கோயில்வாழ்வின் பயனை அளந்தறிய முயன்றோரும் இல்லாமலில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூராகிய வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளை இரகுராம் முதலிய ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் இதழில் தம் முடிவை வெளியிட்டனர். கோயிலில் அவர்கட்குச் சிறப்பான சிகிச்சை எதுவும் அளிக்கப்படவில்லை. வழிபாட்டிற் கலந்துகொண்டு, சிறுசிறு பணிகளைச் செய்து, தம் உறவினரோடு சில வாரம் தங்கினர். நோய்க்குறிகளை எண்ணால் அளக்கும் அளவுகோல் ஒன்றினால் வந்தபொழுதும் செல்லும்பொழுதும் அளந்ததில், நோயின் கடுமை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. இதனை ஏளனஞ் செய்வார் அறிவிலார். இதனையே முடிந்த முடிபாகக் கொள்வாரும் அவரோடொப்பர். ஏனெனில் அவ்வாராய்ச்சியில் ஒப்பிடற்குரிய வேறு குழு இல்லை.

ஒப்பீடு இல்லாதவிடத்து மூன்று ஐயங்கள் எழும். நோயாளியைக் கோயிலுக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்வது நோய் உச்சத்தில் நிற்கும்பொழுதே. உச்சியை அடைந்தது இறங்குதல் இயல்பாகலின், ஒன்றுஞ் செய்யாதிருப்பினும் அடுத்த அளவை குறைந்தே காணும். இது முதலாவது. வீட்டுச் சச்சரவினின்றும் விலகி உறவினர் அருகிருந்து பேணும் இடத்தில் சில வாரம் தங்குதலே ஒரு மருந்தாகலாம். இஃது இரண்டாவது. அளப்பவர் நலத்தை எதிர்பார்த்தே அளக்கின்றாராதலின் அவர் கண்ணுக்கு நலமே தோன்றும். இது மூன்றாவது. இம்மூன்றையும் கழித்து எஞ்சுவது எவ்வளவோ, அவ்வளவே சிகிச்சையின் உண்மைப் பயன்.

இனி, ஒப்பீட்டுக் குழுவின் வகைகளைக் காண்போம். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்பினதாகப் பகுத்தனர்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன். மேனாட்டு உளமருத்துவ ஆராய்ச்சியாளர் இருபதாம் நூற்றாண்டில் அமைத்துக்கொண்ட ஒப்பீட்டுக் குழுக்களை விளங்கிக்கொள்ள இப்பகுப்பினும் எளியதொரு கருவி எனக்குக் கிட்டவில்லை. ஒவ்வொரு வகையும் இந்நான்கனுள் ஒன்றையோ பலவற்றையோ நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை அப்படியே நிறுத்துகின்றது. எதனை நீக்குகின்றதோ அதன் பயனையே நமக்குக் காட்டுகின்றது.

முதலாவது, ஒன்றும் பெறாத குழு. இதில் நோயாளி மட்டுமே உளன். ஏனைய மூன்றும் இல்லை. காலம் தானே செய்யும் வேலையை இது காட்டும். 1952-இல் ஐசெங்கு என்னும் உளநூலார், நரம்புத் தளர்ச்சியுற்றோருள் மூன்றில் இரு பங்கினர் உளமருத்துவம் பெறாமலே ஈராண்டில் நலமடைகின்றனர் என எழுதிப் பெரும் பூசலை விளைத்தார். ஆயின் அவர் சிகிச்சை பெறாதார் எனக் காட்டியவருள் ஒரு சாரார் மருத்துவமனையில் தங்கியிருந்தோர்; மற்றொரு சாரார் பொது மருத்துவரிடம் பார்த்துக்கொண்டவர். ஒன்றும் பெறாதார் என்ற பெயர் இருந்தது, பொருள் இல்லை. ஒப்பீட்டுக் குழு பிழைபட்டால் முடிவும் பிழைபடும் என்பதற்கு இப்பூசலே சான்று.

இரண்டாவது, காத்திருக்கும் குழு. ‘உமக்கும் சிகிச்சை உண்டு, மூன்று திங்கள் பொறும்’ என்று கூறிப் பெயரை எழுதிவைத்துக்கொள்வர். செலவு குறைவு, மறுப்பாரும் இலர் ஆதலின் இவ்வகை எங்கும் பரவிற்று. மேலோட்டமாய் நோக்கின் இதுவும் ஒன்றும் பெறாத குழுவே எனத் தோன்றும், உண்மை அதுவன்று. வரிசையில் நிற்பவன் வரிசையை விட்டு அகலான். தானே முயன்று நலம்பெறற்குரியவனும், நாளை கிடைக்கும் சிகிச்சையை எண்ணி இன்று வாளா இருப்பன். 2014-இல் புருகாவா என்னும் சப்பானிய அறிஞரும் அவர்தம் தோழரும் மனச்சோர்வு பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, காத்திருக்கும் குழுவினர் ஒன்றும் பெறாத குழுவினரினும் பின்தங்கி நின்றனர் எனக் கண்டனர். எனவே இக்குழுவோடு ஒப்பிடப்பட்ட சிகிச்சை, தன் உண்மை உயரத்தினும் நெடியதாய்த் தோன்றும். பள்ளத்தில் நிற்பவன் பக்கத்தில் நின்றால் யாரும் உயர்ந்தோரே.

மூன்றாவது, வழக்கமான கவனிப்பைப் பெறும் குழு. ஆராய்ச்சி நடவாதிருப்பின் நோயாளிக்கு என்ன கிடைத்திருக்குமோ, அதனையே பெறுவோர் இவர். வினா மிக நேரியது: புதியது பழையதினும் மேலானதோ? ஆனால் ‘வழக்கம்’ என்னும் சொல்லினுள் ஒரு பொறி உள்ளது. இலண்டனில் வழக்கமான கவனிப்பு வேறு. மணப்பாறைக்கு அப்பாலுள்ள சிற்றூரில் வழக்கமான கவனிப்பு வேறு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரையிலான நோயாளிகள் சிகிச்சையே பெறவில்லை என அறிவித்தது. சிகிச்சை பெறாமையே வழக்கமாகவுள்ள நாட்டில் ‘வழக்கமான கவனிப்பு’ என்பது, ஒன்றும் பெறாத குழுவிற்கு இட்ட மங்கலப் பெயராய் முடிதல் கூடும். இதனை உணர்ந்தோர் வழக்கத்தைச் சற்றே செப்பஞ்செய்து, ‘மேம்படுத்திய வழக்கக் கவனிப்பு’ என்னும் வகையை அமைத்தனர். அதன்படி, நோயுண்மை மருத்துவர்க்கு அறிவிக்கப்படும். செய்யத்தக்க முறையும் அவர்க்கு எழுதித் தரப்படும்.

நான்காவது, கவனம் மட்டும் பெறும் குழு. வள்ளுவர் கூறிய மருத்துவனும் அருகிருப்போனும் இங்கே உளர். மருந்து மட்டும் இல்லை. இதன் வேர் பழமையானது. 1784-இல் பாரிசு நகரில் மெசுமர் என்பவரின் ‘உயிர்க் காந்த’ மருத்துவத்தை ஆராய மன்னன் அமைத்த குழுவில் பிராங்குளினும் இலவாசியேயும் இருந்தனர். அவர்கள் நோயாளியின் கண்ணைக் கட்டிச் சோதித்தனர். காந்தம் ஏற்றப்படுகின்றது என நம்பியவர், ஏற்றப்படாதபொழுதும் துடித்தனர்; ஏற்றப்பட்டும் அதனை அறியாதவர் வாளா இருந்தனர். வேலை செய்தது காந்தமன்று, எதிர்பார்ப்பே என்பது வெளிப்பட்டது.

நம்போன்ற மாணவரை வைத்தே நடந்த ஆராய்ச்சி ஒன்றும் ஈண்டுக் கூறத்தகும். அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக் கழகத்தில் மேடைப் பேச்சிற்கு அஞ்சிய மாணவரைக் கார்டன் பால் என்பவர் சில குழுக்களாகப் பிரித்து, 1966-இல் தம் முடிவை நூலாக்கினார். ஒரு குழுவினர், உடலைத் தளர்த்திக்கொண்டு அச்சந்தரும் காட்சிகளைப் படிப்படியாக மனத்திற் கொணரும் பயிற்சி பெற்றனர். ஒரு குழுவினர் அச்சத்தின் காரணத்தை ஆராயும் உரையாடல் பெற்றனர். மற்றொரு குழுவினர்க்கு, மனத்தை அமைதிப்படுத்தும் மருந்து எனச் சொல்லிச் சோடா உப்பே கொடுக்கப்பட்டது. அவர்களும் அதே சிகிச்சையாளருடன் அத்துணை நேரமே இருந்தனர். பின்னொரு குழுவினர்க்கு ஒன்றும் இல்லை. முடிவு யாது? படிப்படிப் பயிற்சியே தலைநின்றது. உரையாடல் பெற்றோரும் சோடா உப்பு உண்டோரும் ஏறத்தாழச் சமமாய் நின்றனர். அவ்விரு சாராரும் ஒன்றும் பெறாதாரினும் மேம்பட்டனர். ஒன்றும் பெறாத குழுவோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் உரையாடலும் வென்றதாகவே எழுதப்பட்டிருக்கும். சோடா உப்பே அதன் அளவை உள்ளவாறு காட்டிற்று.

ஐந்தாவது, வேறொரு சிகிச்சை பெறும் குழு. இதில் நான்கு உறுப்பும் உள. மருந்து மட்டும் வேறு. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆதரவில் மனச்சோர்வுற்ற 250 பேரை வைத்து நடந்து 1989-இல் வெளியான ஆராய்ச்சியில் இருவகை உளமருத்துவம், இமிப்பிரமின் என்னும் மாத்திரை, வெற்று மாத்திரை என நான்கு குழுக்கள் இருந்தன. மாத்திரை பெற்ற இரு குழுவினரும் வாரந்தோறும் மருத்துவரின் ஆறுதலான கவனிப்பையும் பெற்றனர். வெற்று மாத்திரையுண்டோரும் பெரிதும் நலமுற்றமை கண்டு அறிஞர் வியந்தனர். ஆறாவது, உறுப்புக் குறைத்த குழு. பல பகுதிகளையுடைய ஒரு சிகிச்சையில் ஒரு பகுதியை மட்டும் தந்து, முழுமையோடு ஒப்பிடுதல். 1996-இல் சேக்கபுசன் என்பாரும் அவர் தோழரும், எண்ணத்தைத் திருத்தும் சிகிச்சையினின்று நோயாளியைச் செயலில் ஈடுபடுத்தும் பகுதியை மட்டும் பிரித்தளித்து, அது முழுமைக்குக் குறைந்ததன்று எனக் கண்டனர்.

இவ்வகைகளைக் கற்பதனால் நமக்கு வரும் பயன் யாது? நம் நாட்டிலேயே நிகழ்ந்த இரண்டு ஆராய்ச்சிகளை நோக்குக. விக்ரம் பட்டேல் முதலியோர் கோவாவில் நடத்தி 2017-இல் இலான்செட் இதழில் வெளியிட்ட ஆராய்ச்சியில், மேற்கூறிய செயலில் ஈடுபடுத்தும் பகுதியையே அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையை, மருத்துவரல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அளித்தனர். மூன்று திங்களில் அதனைப் பெற்றோருள் 64 விழுக்காட்டினர் மனச்சோர்வு நீங்கினர். ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால், நூற்றுக்கு அறுபத்து நால்வரை இச்சிகிச்சை மீட்டது எனப் பறைசாற்றியிருப்பர். ஆனால் மேம்படுத்திய வழக்கக் கவனிப்பு மட்டும் பெற்றோருள்ளும் 39 விழுக்காட்டினர் நீங்கினர். எனவே சிகிச்சையின் பங்கு 25; அஃதாவது நால்வர்க்குச் சிகிச்சை அளித்தால் ஒருவர் கூடுதலாக நலமடைகின்றார். சிறிதெனத் தோன்றும் இவ்வெண்ணே மெய்யெண், மெய்யாதலின் பெரிது.

அவரே முன்னர் 2010-இல் வெளியிட்ட கோவா ஆராய்ச்சி இதனினும் நுட்பமான பாடம் புகட்டுகின்றது. அரசு நிலையங்கள் 12, தனியார் மருத்துவர் நிலையங்கள் 12 ஆகியவற்றில் ஒரே வகைச் சிகிச்சை சோதிக்கப்பட்டது. அரசு நிலையங்களில் நோய் உறுதிசெய்யப்பட்டோருள், சிகிச்சை பெற்றார் 65.9 விழுக்காடும் ஒப்பீட்டுக் குழுவினர் 42.5 விழுக்காடும் ஆறு திங்களில் நலமுற்றனர். தனியார் நிலையங்களிலோ இரு குழுவினரும் ஏறத்தாழ ஒத்தே நின்றனர். சிகிச்சை ஒன்று, தீர்ப்பு இரண்டு. மாறியது ஒப்பீட்டின் தரமே. தன்னை நன்கறிந்த மருத்துவரிடம் செல்பவனுக்கு அங்கேயே பாதி மருந்து கிடைத்துவிட்டது போலும்.

இனித் தமிழ் மாணவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். ஆங்கிலத்தில் ‘கன்ட்ரோல்’ குழு எனப்படுவதை நம் பாடநூல்களும் இதழ்களும் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என மொழிபெயர்க்கின்றன. இதனினும் பொருந்தாத சொல் அரிது. அக்குழுவில் எவரும் கட்டுப்படுத்தப்படுவதில்லை. சித்தங் கலங்கியோரைக் கட்டிவைத்த கொடுமையை மறவாத நாட்டில், அவர்தம் ஆராய்ச்சிக்கே ‘கட்டு’ என்னும் சொல்லைச் சூட்டுதல் செவிக்கும் நெஞ்சுக்கும் இன்னாது. ஆங்கிலச் சொல்லின் வேரை ஆராயின், இடைக்கால இலத்தீனில் ஒரு கணக்கைச் சரிபார்க்க எழுதிவைக்கும் எதிரேடு என்பதே அதன் முதற்பொருள். நம்மூர் வணிகர் இரண்டு கணக்கேடுகளை ஒத்துப் பார்ப்பதனையொத்ததே அது. ஆதலின் ‘ஒப்பீட்டுக் குழு’ என்பதே தக்க சொல். சுருக்கமாக ‘ஒப்புக் குழு’ என்றல் ஆகாதோ எனின், ஆகாது. ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்னும் வழக்கை நாம் அறிவோம். ஆட்டத்தில் கணக்கிற் சேராமல், அழாதிருத்தற்பொருட்டுச் சேர்த்துக்கொள்ளப்படும் சிறுவனே அவன். காத்திருக்கும் குழுவை நிறுத்திவிட்டு வெற்றி கொண்டாடும் ஆராய்ச்சிகளில் ஒப்பீட்டுக் குழு உண்மையிலேயே ஒப்புக்குச் சப்பாணியாய் நிற்கின்றது என்பதே என் குற்றச்சாட்டு.

இதற்கெதிரே கூறப்படும் தடைகள் மூன்று. ‘துன்புறுவோருள் ஒரு சாரார்க்குக் கொடுத்து ஒரு சாரார்க்கு மறுத்தல் அறமோ?’ என்பது முதல் தடை. பயனுண்டு என உறுதியாய்த் தெரிந்த ஒன்றை மறுத்தல் அறமன்று; எல்சிங்கி அறிக்கையும் புதியதை நிறுவப்பட்ட சிறந்த சிகிச்சையோடு ஒப்பிடுக என்பதையே பொதுவிதியாகக் கூறுகின்றது. ஆனால் பயனுண்டோ என்றே தெரியாத ஒன்றை அனைவர்க்கும் அளித்தலும் ஒரு சோதனையே, கணக்கெழுதாத சோதனை. அனைவர்க்கும் போதாத இடத்தில் யார்க்கு முதலில் என்பதைச் செல்வாக்கு முடிவுசெய்தலினும் சீட்டு முடிவுசெய்தல் நன்று. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையில், சிறுவன் ஒருவன் குடத்தினின்று ஓலையை எடுத்தான். வேண்டியவர் வேண்டாதவர் என்னும் வேற்றுமை குடத்திற்குத் தெரியாது. இன்று ஆராய்ச்சியாளர் குழு பிரிப்பதும் இந்நெறியிலேயே. விவிலியத்தில் தானியேல் நூலின் முதல் அதிகாரத்தில், பத்து நாள் காய்கறியும் நீரும் உண்ட இளைஞர் அரசவுணவு உண்டாரோடு ஒப்பிடப்பட்ட செய்தியைச் சோதனை வரலாறு எழுதுவோர் முதலிற் குறிப்பர். ஒப்பீடு அங்கே உண்டு, குடவோலை இல்லை. தாமே விரும்பி வந்தோர் இயல்பிலேயே உறுதியுடையராதல் கூடும் என்பதனால் இன்றைய ஆராய்ச்சிக்கு இரண்டும் வேண்டும்.

‘மனத்தை அளக்க முடியுமோ? இறையருளை அளக்கத் துணிவதோ?’ என்பது இரண்டாம் தடை. அருளை அளப்பார் ஒருவருமிலர். உறங்கினானா, உண்டானா, உழைக்கச் சென்றானா, மனைவியோடு பேசினானா என்பவற்றை வினவுதல் அருளுக்கு இழுக்காகாது. அன்றியும், இவ்வினாவைக் குணசீலத்திடம் கேட்பவன் புளியம்பட்டியிடமும், புதுமுறை ஆலோசனை நிலையத்திடமும் அதே குரலில் கேட்கவேண்டும். ஒருவர்பால் ஐயமும் மற்றவர்பால் நம்பிக்கையும் கொண்டு கேட்பது ஆராய்ச்சியன்று.

‘பேச்சினாற் செய்யும் மருத்துவத்தில், தான் எதைப் பெறுகின்றான் என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க முடியாதே’ என்பது மூன்றாம் தடை. இது வலிய தடை. மாத்திரைக்குள்ள மறைப்பு இங்கே முழுதும் இயலாது. ஆயினும் இயலும் அளவு செய்தல் கடன். அளப்பவர்க்கு எவர் எக்குழு என்பதை மறைக்கலாம். கவனம் மட்டும் பெறும் குழுவை நிறுத்தி, எதிர்பார்ப்பின் பங்கைக் கழிக்கலாம்.

ஆகவே நம் பகுதியில் ஆராய்ச்சி நடத்துவோர்க்கு என் கருத்தை முடிவாகக் கூறுவேன். காத்திருக்கும் குழு, உண்மையிலேயே காத்திருப்போர் வரிசை உள்ளவிடத்தன்றி வேறெங்கும் வேண்டா. முதல் ஒப்பீடு, மேம்படுத்திய வழக்கக் கவனிப்போடு இருத்தல் வேண்டும். அதில் வென்ற சிகிச்சை, அடுத்துக் கவனம் மட்டும் பெறும் குழுவோடு பொருதல் வேண்டும். இவ்விரண்டையும் கடந்ததையே ஊரறியப் பாராட்டுதல் தகும்.

வழிபாட்டிடங்களில் தங்குவோரையும் இம்முறையில், எவர் மனமும் புண்படாமல், ஆராயக் கூடும். நம்பிக்கையால் வந்தவரைச் சீட்டெடுத்துத் திருப்பியனுப்புதல் கூடாது. கடும் பித்துற்றார்க்கு மருந்தை மறுத்தலும் கூடாது. ஆதலின், தங்குவோர் அனைவர்க்கும் மருத்துவர் பார்வையும் மருந்தும் கிடைக்கச் செய்க. அதன்மேல், இசைந்தவருள் பாதிப்பேரின் குடும்பத்தார்க்குக் குடவோலை முறையால் பயிற்சியும் அறிவுரையும் அளித்து, ஊர் திரும்பிய பின்னும் ஓராண்டு தொடர்க. ஏனையோர்க்கு ஓராண்டின் பின் அதனையே அளிக்க. இஃது இயலாத கனவன்று. 1984-இல் சாரதா மேனன் சென்னையில் நிறுவிய ஸ்கார்ப் நிறுவனத்தார் பங்குகொண்டு, காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய மூன்றிடங்களில் மனச்சிதைவுற்ற 282 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி 2014-இல் வெளிவந்தது. வீடு தேடிச் செல்லும் ஊர்ப் பணியாளரின் உதவியும் மருத்துவமனைக் கவனிப்பும் சேரப் பெற்றோர், மருத்துவமனைக் கவனிப்பு மட்டும் பெற்றோரோடு ஒப்பிடப்பட்டனர். வேற்றுமை சிறிதே, ஆயினும் உண்டு, மூன்றிடங்களுள் தமிழ்நாட்டிலேயே அது மிக்குத் தோன்றிற்று. காஞ்சியில் இயன்றது காவிரிக்கரையில் இயலாதோ? உளநூலும் சமூகப்பணியும் கற்பிக்கும் கல்லூரிகள் பல திருச்சிராப்பள்ளியில் உள. அவற்றின் ஆசிரியரும் மாணவரும் அரசு மருத்துவரோடு கூடினால் இது கைகூடும்.

ஆராய்ச்சி செய்யாதார்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. நாளை நம்மிற் பலர் ஆசிரியராவோம், சிலர் அலுவலராவோம், எல்லாரும் ஒருவகையில் ஒரு குடும்பத்தின் துயருக்குப் பொறுப்பாவோம். அந்நாளில் நம் வாயிலுக்கு வந்து, ‘இம்முறையால் நூற்றுக்கு எண்பதின்மர் நலமுற்றனர்’ என்று விளம்பரத் தாளை நீட்டுவோர் பலர் இருப்பர். அவரை வையவும் வேண்டா, வணங்கவும் வேண்டா. ‘இம்முறையைப் பெறாதாருள் எத்துணைப் பேர் நலமுற்றனர்? அவர்கள் யாது பெற்றனர்?’ என்னும் இரண்டு கேள்விகளைப் பணிவோடு கேட்போம். விடை கூறவல்லார் அறிஞர், அவர்க்கு இடங்கொடுப்போம். கூறமாட்டாதார் எத்துணை நல்லெண்ணமுடையரேனும், துன்புற்ற ஒருவரின் நாளையும் பொருளையும் அவர் கையில் ஒப்புவிக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவோமாக.